தட்டில் வளரும் மூச்சுக்குழாய்

2020 ஜனவரி. காரணம் தெரியாத நிமோனியாவோடு வூஹானில் படுத்திருந்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவம், பெய்ஜிங்கில் சீன நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வகத்துக்கு வந்திருந்தது. ஏதோ ஒரு புது வைரஸ் என்பதை மரபணு வரிசை காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்து அதை உயிரோடு பிடிக்க வேண்டும். வைரஸ் தானாக வளராது. குடியேற ஒரு செல் வேண்டும். எந்தச் செல்லைக் கொடுப்பது?

மூன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, உலகத்தில் எந்த வைரஸ் ஆய்வகத்துக்குப் போனாலும் இருக்கும் வீரோ செல். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் எடுக்கப்பட்டு, இன்றுவரை பெருகிக்கொண்டே இருப்பது. இரண்டாவது, மனிதக் கல்லீரல் புற்றிலிருந்து வந்த செல். மூன்றாவது சற்று விசேஷமானது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மூச்சுக்குழாய்த் துண்டிலிருந்து செல்களைப் பிரித்து, வாரக்கணக்கில் பக்குவமாக வளர்த்த மெல்லிய படலம் அது.

96 மணி நேரத்தில் அந்தப் படலம் பதில் சொன்னது. மேற்பரப்பில் செல்கள் சிதையத் தொடங்கியிருந்தன. சிதைந்த இடத்தின் நடுவில், அதுவரை ஓயாமல் அசைந்துகொண்டிருந்த நுண்மயிர்கள் நின்றுபோயிருந்தன. மற்ற இரண்டு செல்களிலும் ஆறு நாள் வரை குறிப்பிட்டுச் சொல்ல எந்தச் சேதமும் இல்லை. ஜனவரி 24 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான கட்டுரையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் கோவிட் என்று பெயர் பெற்ற நோயின் வைரஸ், கிரீடம் போன்ற முட்களோடு அந்தக் கட்டுரையின் படங்களில் தெரிந்தது.

உலகமே பார்த்த படங்கள் அவை. அந்தப் படலத்தை வளர்ப்பது எப்படி, ஏன் என்பது மட்டும் ஆய்வகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

உள்சுவரில் என்ன இருக்கிறது?

ஒரு நாளைக்கு நாம் இழுத்து விடும் காற்று 10,000 லிட்டருக்கும் மேல். தூசி, புகை, மகரந்தம், கிருமி என்று எல்லாம் அதோடு உள்ளே வருகின்றன. மூக்கிலிருந்து நுரையீரலின் கிளைக்குழாய்கள் வரை ஈரமான ஓர் உள்சுவர் போர்த்தியிருக்கிறது. எபிதீலியம் என்பது அதன் அறிவியல் பெயர். பெரிய குழாய்களில் அதை மூன்று வகைச் செல்கள் நடத்துகின்றன. கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரக்கும். வருவதெல்லாம் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். சிலியா எனப்படும் நுண்மயிர்களைத் தாங்கிய செல்கள் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளும். ஒரு செல்லின் தலையில் ஏறத்தாழ 200 நுண்மயிர்கள், ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடிக்கும். தொண்டைக்கு வந்த சளியை நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். சுவரின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அடிச்செல்கள்தான் மூன்றாவது வகை. பார்வைக்கு எதுவும் செய்யாதவை போலத் தெரியும். ஆனால் மேலே இருப்பவை செத்து உதிரும்போது, இவைதான் பிளந்து பெருகிப் புதிய கோப்பைச் செல்லாகவும் நுண்மயிர்ச் செல்லாகவும் மாறும். எலியிலும் மனிதனிலும் இந்த அடிச்செல்களே மூச்சுக்குழாயின் மூலச் செல்கள் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகனின் குழு 2009-ல் காட்டியது.

ஆய்வகத்தில் மூச்சுக்குழாயை வளர்ப்பவர்கள் நம்பியிருப்பது இந்த அடிச்செல்லைத்தான். நல்ல சூழல் கொடுத்தால் அது சுவர் முழுவதையும் மறுபடி கட்டும். அந்தச் சூழல் எது என்று கண்டுபிடிக்கத்தான் வெகுகாலம் ஆனது.

தண்ணீரில் மூழ்கடித்தால் மறந்துவிடும்

செல் வளர்ப்பு என்றால் தட்டில் ஊட்டத் திரவம் ஊற்றி, அதற்குள் செல்லை மூழ்க வைப்பது என்பதே பழக்கம். மூச்சுக்குழாய்ச் செல்லையும் அப்படியே வளர்த்தார்கள். செல்கள் பெருகின. பெருகினவே தவிர, தாங்கள் யார் என்பதை மறந்துபோயின. தட்டையாக, சப்பையாக, நுண்மயிரும் சளியும் இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. 1985-ல் லெக்னர், லாவெக் என்ற ஆய்வாளர்கள் சீரம் சேர்க்காத ஊட்டத் திரவத்தை உருவாக்கிய பிறகு மனித மூச்சுக்குழாய்ச் செல்லைப் பெருக்குவது எளிதானது. அது பெருக்கத்தைத் தந்தது; உருவத்தைத் தரவில்லை.

உருவத்தைத் தந்தது காற்று. 1988-ல் விட்கட்டும் அவருடைய சகாக்களும் கினிப் பன்றியின் மூச்சுக்குழாய்ச் செல்களை ஒரு சவ்வின் மேல் வைத்து, ஊட்டத் திரவத்தைச் சவ்வுக்குக் கீழே மட்டும் விட்டு, மேற்புறத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டார்கள். உடம்புக்குள் அந்தச் செல் எப்படி இருக்கிறதோ அப்படி: காலடியில் ரத்தம் தரும் ஈரம், தலைமேல் காற்று. செல்லுக்கு மேல் எது கீழ் எது என்பது திரும்பக் கிடைத்தது. நுண்மயிர் முளைத்தது, சளி சுரந்தது. காற்று-திரவ இடைமுக வளர்ப்பு என்று இன்று உலகம் முழுக்கச் செய்யப்படுவது இதன் வாரிசுதான். வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் நகரம் இதற்கு ஒரு தலைநகரம் மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்து வெளியான செய்முறைகளைப் பார்த்துத்தான் பல நாட்டு ஆய்வகங்கள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டன.

வேலை எப்படி நடக்கிறது? மூலப்பொருள் மூன்று வழிகளில் வரும். மாற்று அறுவைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கொடை நுரையீரல். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் இருக்கும் நோயில்லாத பகுதி. இல்லையென்றால் மூக்கினுள் சிறு தூரிகையை விட்டு உரசி எடுக்கும் கொஞ்சம் செல். துண்டாக வந்தால், ஒட்டியிருக்கும் கொழுப்பையும் திசுக்களையும் கத்தரித்துவிட்டு, புரதத்தை அறுக்கும் நொதி கலந்த திரவத்தில் குளிர்பெட்டியில் இரவு முழுக்க, சில சமயம் அதற்கு மேலும் ஊற வைப்பார்கள். பிறகு கத்தி முனையால் உள்சுவரை மெதுவாகச் சுரண்டினால் செல்கள் பிரிந்து வரும். அவற்றைக் கொலாஜன் பூசிய பிளாஸ்டிக் தட்டில் விட்டு 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைத்தால், ஒரு வாரத்தில் தட்டு நிறையத் தொடங்கும்.

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு அடுத்த கட்டம் புதிதாக இருக்காது. நாற்றங்காலில் அடர்த்தியாக வளர்ந்ததைப் பறித்து வயலில் நடுவதுபோல, தட்டில் பெருகிய செல்லைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட சவ்வின் மேல் நடுகிறார்கள். துளையின் அகலம் பொதுவாக 0.4 மைக்ரோமீட்டர்; ஊட்டம் ஏறும், செல் இறங்காது. மேலும் கீழும் திரவம் விட்டுச் சில நாள் வைத்திருப்பார்கள். சவ்வு முழுவதும் இடைவெளியின்றி மூடிய பிறகு மேலே உள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஆய்வகப் பேச்சில் இதற்கு ‘ஏர்லிஃப்ட்’ என்று பெயர். அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்குவார்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கீழே உள்ள திரவத்தை மாற்ற வேண்டும். பொங்கல், கிறிஸ்துமஸ் எதுவும் செல்லுக்குத் தெரியாது; முறை வந்தவர் போயே ஆக வேண்டும். ஒரு துளி அசிரத்தையில் பூஞ்சை புகுந்தால் மாத உழைப்பு குப்பைக்குப் போகும். எல்லாம் சரியாக நடந்தால் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு நுண்ணோக்கியில் ஒரு மினுமினுப்புத் தெரியும்: நுண்மயிர் அடிக்கத் தொடங்கிவிட்டது. நான்காவது வாரத்தில் சளி நிறையச் சேர்ந்துவிடும் என்பதால், அதை அவ்வப்போது கழுவியே ஆக வேண்டும். கழுவாமல் விட்ட சில வளர்ப்புகளில் ஓர் அதிசயம் நடந்தது. மூச்சுக்குழாயில் நேராக மேலே போக வேண்டிய சளி, வட்டமான இந்தக் கிண்ணத்தில் போக வழியில்லாமல், நுண்மயிர்களின் கூட்டு அசைவால் மையத்தைச் சுற்றிச் சுழன்றது. 1998-ல் சேப்பல் ஹில் ஆய்வாளர்கள் அதைப் படம்பிடித்து, சளிச் சூறாவளி என்றே அழைத்தார்கள்.

ஊட்டத் திரவத்தில் சேர்க்கும் பலவற்றுள் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம். இதை விட்டுவிட்டால், காற்றுப் பட வைத்தாலும் அந்தப் படலம் மூச்சுக்குழாயாக வளராது. தோலைப் போலத் தடித்து அடுக்கடுக்காகிவிடும். இதன் வரலாறு ஒரு நூற்றாண்டு பழையது. 1925-ல் வொல்பாக், ஹோவ் என்ற இருவர் வைட்டமின் ஏ இல்லாத உணவு கொடுத்த எலிகளின் மூச்சுக்குழாயில் நுண்மயிர்ச் சுவர் போய்த் தோல் போன்ற சுவர் வந்திருப்பதைக் கண்டார்கள். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளின் கண் வறண்டு போவதும் இதே வகை மாற்றம்தான். நீண்ட நாள் புகைப்பவர்களின் மூச்சுக்குழாயிலும் இத்தகைய தட்டைச் செல் திட்டுகள் தோன்றுகின்றன.

குரங்கின் சிறுநீரகம் சொன்ன பொய்

இவ்வளவு சிரமம் எதற்கு? வீரோ மாதிரி எளிதில் வளரும் செல் இருக்கும்போது, வாரக்கணக்கில் ஒரு படலத்தைக் குழந்தை மாதிரி ஏன் வளர்க்க வேண்டும்? 2020-ஐ மறக்காதவர்களுக்கு இதற்கான விடை ஒரு மாத்திரையின் பெயரில் இருக்கிறது: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்.

அந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் வூஹானிலிருந்து ஒரு சிறு அறிக்கை வெளியானது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பழைய குளோரோகுயின் புதிய வைரஸை ஆய்வகத்தில் நன்றாகத் தடுக்கிறது என்று அது சொன்னது. செல், வீரோ. அடுத்த மாதம் அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கும் வீரோ செல்லில் அதே போன்ற முடிவு வந்தது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் அதைப் புகழ்ந்து தள்ளினார். மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு அதைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவசர அனுமதி வழங்கியது. ஏப்ரலில் இந்தியா தன் ஏற்றுமதித் தடையைத் தளர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் பல ஆண்டுகளாக அதையே நம்பியிருந்தவர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார்கள்.

ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெகவரி சோதனை கணக்கை முடித்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 1,561 பேருக்கு மாத்திரை, 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 25 சதவீதம். பலன் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் அவசர அனுமதியும் அதே மாதம் ரத்தானது.

தட்டில் வேலை செய்தது மனிதனில் ஏன் செய்யவில்லை? ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரே நாளில் வெளியான இரண்டு கட்டுரைகள் இதற்கு விடை சொல்லின. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு. மூச்சுக்குழாய்ச் செல்லின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது. அது வைரஸின் முள்ளை வெட்டிக்கொடுத்து நேராக உள்ளே விட்டுவிடும். வீரோ செல்லில் அந்த நொதி போதுமான அளவில் இல்லை. அதனால் வைரஸ் கொல்லைப்புறமாகப் போகிறது: செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்கி, அந்தப் பை அமிலமான பிறகுதான் வெளியே வர முடியும். குளோரோகுயின் செய்வது அந்தப் பையின் அமிலத்தைக் குறைப்பது. ஆகக் குரங்குச் சிறுநீரகத்தில் கொல்லைக் கதவு பூட்டிக்கொண்டது உண்மை. நம் மூச்சுக்குழாயிலோ வைரஸ் வாசல் வழியாகவே வருகிறது.

அந்த இரண்டில் ஒன்று, ஜெர்மனியின் கோட்டிங்கனில் நுரையீரல் புற்றிலிருந்து வந்த செல்லில் செய்த ஆய்வு. மற்றது பிரான்சிலிருந்து வந்தது. அவர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வீரோ செல்லிலும், காற்றுப் பட வளர்த்த மனித மூச்சுக்குழாய்ப் படலத்திலும், குரங்குகளிலும் வைத்துப் பார்த்தார்கள். வீரோவில் வைரஸ் அடங்கியது. மூச்சுக்குழாய்ப் படலத்தில் அடங்கவில்லை. உயிருள்ள குரங்குகளிலும் அடங்கவில்லை. குரங்கின் சிறுநீரகச் செல்லை விட, மனித மூச்சுக்குழாய்ப் படலம் குரங்கின் உடம்பைச் சரியாகச் சொன்னது!

வீரோவில் சோதித்தது தவறில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் கையில் இருக்கும் செல்லில்தான் முதலில் பார்க்க முடியும். அந்தத் தட்டின் பதிலை மனித மூச்சுக்குழாயின் பதிலாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. மூச்சுக்குழாய்ப் படலம் அப்போதும் இல்லாமல் இல்லை. ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களுக்கு எதிராகச் சேப்பல் ஹில் குழு 2017-லேயே அதில்தான் சோதித்திருந்தது.

சில வைரஸ்கள் வேறு செல்லில் குடியிருக்கவே சம்மதிப்பதில்லை. 2005-ல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்ட ஹெச்கேயு1 என்ற கொரோனா வைரஸ் ஐந்து ஆண்டு வரை எந்தச் செல்லிலும் வளராமல் அடம்பிடித்தது. 2010-ல் நுண்மயிர் முளைத்த மூச்சுக்குழாய்ப் படலத்தில்தான் முதன்முதலாக வளர்ந்தது. குழந்தைகளுக்கு இழுப்பை உண்டாக்கும் ரைனோவைரஸ் சி வகையும் வழக்கமான செல்வரிசைகளில் வளரவில்லை. அது நுழையும் ஏற்பி நுண்மயிர்ச் செல்லில் இருக்கிறது என்பது 2015-ல் தெரிந்தபோது காரணம் புரிந்தது.

அகற்றிய நுரையீரலிலிருந்து வந்த மருந்து

இந்தத் துறையின் மிகப் பெரிய வெற்றி வைரஸ் சம்பந்தப்பட்டதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் சம்பந்தப்பட்டது. நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் 1938-ல் அதைத் தனி நோயாக விவரித்தார். இந்த நோயில் உப்பை வெளியேற்றும் சிஎஃப்டிஆர் என்ற புரதக் கால்வாய் பழுதாகிவிடும். உப்பு வெளியே வராவிட்டால் நீரும் வராது. நுண்மயிர்கள் நீந்த வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் வற்றிப்போகும். சளி இறுகிக் குழாயை அடைக்கும். அடைத்த சளியில் பாக்டீரியா குடியேறும். நுரையீரல் மெல்ல அழியும்.

காரணமான மரபணுவை 1989-ல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் இருந்த குழுக்கள் கண்டுபிடித்தன. மேற்கு நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவில் மூன்று எழுத்து தவறியிருந்தது. அதனால் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் குறைகிறது. புரதம் சரியாக மடியாமல் செல்லின் உள்ளேயே அழிக்கப்படுகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷின் குழு 1992-ல் வியப்பான ஒன்றைக் காட்டியது: செல்லைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தால் இந்தக் குறைப் புரதம் மேற்பரப்புக்கு வந்துசேர்ந்து ஓரளவு வேலையும் செய்தது. அப்படியானால் அதைக் கைபிடித்துக் கூட்டிவரும் மருந்தும் சாத்தியம்.

சான் டியாகோவில் இருந்த வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம் லட்சக்கணக்கான வேதிப்பொருள்களை இயந்திரத்தில் சலித்தது. நோயாளிகள் அமைப்பான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் பணம் கொடுத்தது. முதல் சல்லடையில் எளிய செல்கள்தான். அதில் தேறியவற்றுக்கு உண்மையான பரீட்சை மூச்சுக்குழாய்ப் படலத்தில் நடந்தது. அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாற்று நுரையீரல் பொருத்தும்போது நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட, வீணாய்ப்போன நுரையீரல்களிலிருந்து. தங்களைக் கொன்றுகொண்டிருந்த உறுப்பை அவர்கள் ஆய்வுக்குக் கொடுத்தார்கள்.

படலத்தில் எவ்வளவு உப்பு கடக்கிறது என்பதை மின்னோட்டமாக அளக்கலாம். தவளைத் தோலை வைத்து டென்மார்க்கின் ஹான்ஸ் உசிங் உருவாக்கிய கருவி இதற்கு இன்றும் பயன்படுகிறது. பின்னாளில் ஐவகாஃப்டர் என்று பெயர் பெற்ற மருந்தை, கால்வாய்க் கதவு திறக்காத ஜி551டி என்ற திரிபுள்ள நோயாளியின் படலத்தில் விட்டபோது, உப்புச் சுரப்பு ஆரோக்கியமானவர்களின் செல்லில் இருப்பதில் ஏறத்தாழ பாதியளவுக்கு உயர்ந்தது. வற்றிய மேற்பரப்பு நனைந்தது. நுண்மயிர்கள் வேகமாக அடித்தன. இது 2009-ல் வெளியான முடிவு. 2012 ஜனவரியில் ஐவகாஃப்டருக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ஆனால் அந்தத் திரிபு நோயாளிகளில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் இருந்தது. மூன்றெழுத்து தவறிய பெரும்பான்மையினருக்கான லுமகாஃப்டர், படலத்தில் ஆரோக்கிய அளவில் 14 சதவீதத்தைத்தான் எட்டியது; தனியாகக் கொடுத்தபோது நோயாளிகளுக்கும் பெரிதாகப் பலனில்லை. இரண்டையும் சேர்த்தார்கள். ஐவகாஃப்டரை நாட்கணக்கில் படலத்தில் விட்டுவைத்தால், லுமகாஃப்டர் கஷ்டப்பட்டு மேலே கொண்டுவந்த புரதத்தை அதுவே நிலைகுலைக்கிறது என்று 2014-ல் இரண்டு குழுக்கள் எச்சரித்தன. அந்த எச்சரிக்கையும் இதே மூச்சுக்குழாய்ப் படலத்திலிருந்து வந்ததுதான். 2015-ல் அனுமதி பெற்ற அந்த ஜோடி மருந்தின் பலன் சுமாராகவே இருந்தது. 2019 அக்டோபரில் மூன்று மருந்துகளைச் சேர்த்த டிரிகாஃப்டா வந்தது. நுரையீரல் செயல்திறன் 14 சதவீதப் புள்ளி உயர்ந்தது. மாற்று நுரையீரலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த பலர் பட்டியலிலிருந்து விலகினார்கள். வெல்ஷுக்கும், சான் டியாகோ ஆய்வகத்தின் பால் நெகுலெஸ்கு, ஹெசூஸ் கொன்சாலெஸ் ஆகியோருக்கும் 2025-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இடையில் இன்னொரு விஷயம். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஐவகாஃப்டரை மேலும் 23 அரிய திரிபுகளுக்குக் கொடுக்கலாம் என்று ஆய்வகச் செல் சோதனையை வைத்தே அனுமதித்தது. தனித்தனியாக மனிதச் சோதனை நடத்த முடியாத அளவுக்கு அந்த நோயாளிகள் குறைவு. அந்தச் சோதனையில் இருந்தது மூச்சுக்குழாய்ச் செல்லா? இல்லை, எலியின் தைராய்டுச் செல்! இவ்வளவு நேரம் சொன்னதற்கு இது எதிராகத் தோன்றலாம். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி மிகக் குறுகியது: இந்தத் திரிபுள்ள கால்வாயை இந்த மருந்து திறக்குமா? அதற்கு எலித் தைராய்டு போதும். வைரஸ் எந்த வாசலில் நுழைகிறது, சளி நகர்கிறதா என்று கேட்டால் அந்தச் செல்லுக்குப் பதில் தெரியாது.

மூச்சுக்குழாய்ச் சுவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2018-ல் இரண்டு குழுக்கள் அதில் ஒரு புதிய செல்லையே கண்டுபிடித்தன. அயனோசைட் என்று பெயர். நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் சிஎஃப்டிஆர் மரபணு மிக அதிகமாக இயங்குவது அதில்தான். எலியின் மூச்சுக்குழாயிலும், சவ்வில் வளர்த்த மனிதப் படலத்திலும் ஒவ்வொரு செல்லாகப் படித்ததில் அது அகப்பட்டது.

வலப்பக்கம் இருக்கும் இதயம்

ஆய்வுக்கு மட்டுமில்லை, நோயறியவும் இந்த வளர்ப்பு உதவுகிறது. பிறந்ததிலிருந்து நுண்மயிர் சரியாக அடிக்காத ஒரு நோய் உண்டு. குழந்தை பிறந்த நாள் முதல் மூக்கு ஒழுகும், காது சீழ் பிடிக்கும், இருமல் ஓயாது. ஆண்களுக்கு விந்தணுவின் வாலும் அதே அமைப்பு என்பதால் குழந்தையின்மை வரலாம். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் இடம் வலம் தீர்மானிப்பதும் நுண்மயிர்தான். இவற்றையெல்லாம் ஒரே சரட்டில் கோத்தவர் சுவீடனின் பியோர்ன் ஆஃப்செலியஸ், 1976-ல்.

மூக்கில் உரசி எடுத்த செல்லில் நுண்மயிர் அடிக்கவில்லை என்றால், பிறவிக் குறையா, இல்லை போன வாரம் வந்த ஜலதோஷம் செய்த சேதமா என்று உடனே சொல்ல முடியாது. அதே செல்லைக் காற்றுப் பட வளர்த்துப் புது நுண்மயிர் முளைக்க வைப்பார்கள். ஜலதோஷச் சேதம் என்றால் புதிது நன்றாக அடிக்கும். பிறவிக் குறை என்றால் புதிதும் தடுமாறும்.

தட்டில் இல்லாதவை

இந்தப் படலத்தை நுரையீரல் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை. கோவிட்டில் பலரைச் சாய்த்தது வைரஸை விட உடம்பின் எதிர்வினையின் வெறி. அதைத் தட்டு காட்டாது. மூச்சு இழுத்து விடும்போது சுவர் விரிந்து சுருங்குவதும் இதில் இல்லை. ஒருவரின் செல் இன்னொருவரின் செல்லைப் போல நடந்துகொள்ளாது; ஒரே ஒரு கொடையாளியின் படலத்தை வைத்து முடிவு சொல்லும் கட்டுரையைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் பிரித்துப் பிரித்து வளர்த்தால் செல் நுண்மயிர் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கும் என்பது இன்னொரு தொல்லை. வளர்ச்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்களைச் சேர்த்து அந்த எல்லையை நீட்டிக்க முடிந்திருக்கிறது. முழுதாக ஒழிக்க முடியவில்லை. விரியும் சுவரையும் ஓடும் திரவத்தையும் சேர்த்து, நுரையீரலை ஒரு சில்லில் வடிக்கும் முயற்சியை 2010-லேயே ஹார்வர்டின் வைஸ் நிறுவனம் காட்டியது. இன்னும் அது எல்லா ஆய்வகங்களுக்கும் கட்டுப்படியாகவில்லை.

இருந்தாலும் சட்டம் இந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. மனிதனில் சோதிப்பதற்கு முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து எடுத்தது. இந்தியாவும் 2023-ல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனிதச் செல் வளர்ப்பு, சில்லில் உறுப்பு போன்ற வழிகளை ஏற்றுக்கொண்டது.

விதி வந்துவிட்டது, செல்? அது ஏன் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதற்கு டிரிகாஃப்டாவே உதாரணம். அதன் அமெரிக்கப் பட்டியல் விலை தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,11,000 டாலர், அன்றைய கணக்கில் 2 கோடி ரூபாய்க்கும் மேல். விலை ஒரு தடை என்றால், மரபணு இன்னொரு தடை. அந்த மருந்துகள் எந்த மூன்றெழுத்துத் திரிபைக் குறிவைத்துச் செய்யப்பட்டனவோ, அது இந்திய நோயாளிகளில் ஐரோப்பியர்களிடம் இருக்கும் அளவுக்கு இல்லை. நம்மவர்களின் திரிபுகளுக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதை நம்மவர்களின் செல்தான் சொல்ல முடியும். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் நம் மூச்சுக்குழாயை என்ன செய்கின்றன என்பதையும் பாஸ்டனிலோ ஜெனீவாவிலோ வாங்கி வந்த படலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஓரளவுக்கு மேல் அர்த்தமில்லை.

நம்மவர்களின் செல்லைச் சேகரிக்க முதலில் தேவைப்படுவது பெரிய கட்டடமில்லை. நுரையீரல் அறுவை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில், வெட்டி எடுத்த துண்டின் மிச்சத்தை எரிப்பதற்கு முன் நோயாளியிடம் ஒப்புதல் கேட்டு, அடையாளம் நீக்கி, திரவ நைட்ரஜனில் சேமித்து, கேட்கும் ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் ஒரு திசு வங்கி ஏற்பாடு வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளே இதைத் தொடங்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் தாள்களில் ‘அகற்றிய திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்தால், அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், யார், எதற்கு, எவ்வளவு காலம் வைத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் சம்மதியுங்கள்.